துடைத்துவிட்ட கோடு

எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் இடது மார்பில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி வந்தது. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம் என்றார் வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா. மார்பை எடுக்க வேண்டாம், கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும் எடுத்தால் போதும். ஆனால் பிறகு ஆறு வாரம் தவறாமல் வந்து கதிர்வீச்சு, அதாவது கரண்ட் வைத்துக்கொள்ள வேண்டும், அது முடியாதென்றால் மொத்தமாக எடுப்பதுதான் நல்லது என்றார்.

“இந்த வயசுல இன்னாத்துக்குடி அது? எடுத்துட்டா பேஜார் இல்ல” என்றாள் என் ஓரகத்தி.

“என்னோடது. எனக்கு வேணும்” என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, புண்ணும் ஆறியது. கரண்ட் வைக்கிற இடத்துக்கு அடையாளமாக நெஞ்சில் ஊதா மையால் கோடு போட்டு, ஒரு சீட்டும் கொடுத்தார்கள். படிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். கையெழுத்துப் போடத்தான் தெரியும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு இருபது வருஷ வேலை. தைப்பதற்காகத் தோலில் வெள்ளிப் பேனாவால் கோடு போடுவார்கள். தைத்து முடித்ததும் அதைத் துடைத்தெடுப்பது நான். ஒரு கோடு மிச்சமிருந்தாலும் ஜோடியே திரும்பி வந்துவிடும். அன்றைக்கு வீட்டில் கண்ணாடி பார்த்தபோது கை சும்மா இருக்கவில்லை. தேங்காய் எண்ணெயில் துணியை நனைத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கரண்ட் மெஷின் ஓட்டுகிற பெண் பார்த்துவிட்டு, “அம்மா, கோடு எங்க?” என்றாள். துடைத்துவிட்டேன் என்றதும் வெளியே போனாள். எல்லாம் கெட்டது, இனி மொத்தமாக எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா வந்தார். கேட்பதற்கு முன்பே கம்பெனி வேலையைச் சொன்னேன். கோட்டை அழிக்கக் கூடாது என்று அந்தச் சீட்டில் இருந்ததாம்; எனக்குப் படிக்கத் தெரியாது என்பதையும் சொன்னேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

“ஒரு பொட்டு மை விடலியேம்மா, நல்ல வேலைக்காரிதான். கோடு போனா திரும்பப் போட்டுக்கலாம். மார்பு எங்கயும் போவாது.”

மறுபடி அளந்து கோடு போட ஒரு மணி நேரம் ஆனது. வெறும் பலகை, முதுகு வலித்தது, அப்படியே கிடந்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் டீயும் இரண்டு பன்னும் சாப்பிட்டேன். எதிரில் ஒருவர் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னொரு பன் வாங்கினேன்.

ஆறு வாரத்தில் ஒரு நாளும் தவறவில்லை. மார்பு இருக்கிறது, கொஞ்சம் சிறுத்து, ஒரு பக்கம் குழி விழுந்து. ஜாக்கெட் போட்டால் தெரியாது. தெரிந்தால்தான் என்ன.