பெண் வீட்டார் என்று நினைத்தோம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீடு. ஆடி முடிந்துவிட்டால் எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். எங்கள் ஒரே பையன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே வேலை பார்த்தவன். காய்ச்சலோடு திரும்பி இரண்டு மாதமாகப் படுத்தே கிடந்தான். அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றான், நாங்களும் நம்பினோம். அந்த நேரம் பார்த்துத்தான் தரகர், “பொண்ணு ஊட்டுல இருந்து சொல்லாம கொள்ளாம ஆள் வந்து விசாரிப்பாங்க, பாத்துக்குங்க” என்று சொல்லி வைத்திருந்தார்.

பகல் பதினொரு மணி வாக்கில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார்.

“தம்பி இருக்காருங்களா? ஒடம்பு எப்படியிருக்குதுங்க?”

உடம்பைப் பற்றிக் கேட்டதுமே பெண் வீட்டு ஆள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். பையன் இளைத்திருக்கும் கோலத்தைப் பார்த்தால் யார் பெண் கொடுப்பார்கள்? ஓடிப்போய் அவன் அறைக் கதவைச் சாத்தினேன். என் கணவர் கூசாமல் சொன்னார்: “வண்டிக்குப் போயிருக்கறானுங்க. ஒடம்புக்கு என்னங்க, கல்லாட்ட இருக்கறான்.”

நான் காபியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தேன். நாலு ஏக்கர் தோட்டம், வற்றாத கிணறு, பையனுக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது என்று அடுக்கினேன். வந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு லேசாகச் சிரித்தார்.

“அக்கா, நான் பொண்ணு ஊட்டுக்காரன் இல்லீங்க. நானும் ரிக்குல இருந்தவன்தான். தம்பிக்கு முடியலைன்னு கேள்விப்பட்டேன். பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“யாருங்க சொன்னது அப்படி?” என் கணவர் எழுந்தே விட்டார். அத்தோடு வந்தவர் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. சாத்திய கதவை ஒரு முறை பார்த்துவிட்டு, உள்ளே கேட்கும்படியாகவே சொன்னார்.

“எனக்கு எச்ஐவி இருக்குதுங்க. ஏழு வருசமாச்சு. தெனமும் மாத்திரை போடறேன். பாருங்க, பைக் ஓட்டிட்டு வந்திருக்கறேன்.”

என் கண் நேராக அவர் கையிலிருந்த டம்ளருக்குத்தான் போனது. அவரும் அதைக் கவனித்தார். “டம்ளர்ல எல்லாம் ஒட்டாதுங்கக்கா” என்றார், கோபமே இல்லாமல்.

“இதை எதுக்குங்க எங்ககிட்டச் சொல்றீங்க?” என்றார் என் கணவர்.

அவர் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. நிலையைப் பிடித்தபடி என் பையன் நின்றான். எங்களைப் பார்க்கவே இல்லை.

“ஏழு வருசமாவாண்ணா?” என்றான்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தனக்கும் எச்ஐவி என்று வடக்கே இருக்கும்போதே ரத்தப் பரிசோதனையில் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. செத்துப்போய்விடுவோம் என்ற பயத்தில் மருந்தும் எடுக்காமல், யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். கூட வேலை பார்த்தவர்களில் ஒருவன் இதே மாத்திரை சாப்பிடுகிறவன். அவன்தான் இவன் இளைத்ததைப் பார்த்து ஊகித்து, இந்த அண்ணனிடம், “எப்படியாவது அவனைப் போய்ப் பாருங்க” என்று கெஞ்சியிருக்கிறான். அவன் யாரென்று அந்த அண்ணன் இன்றுவரை எங்களிடம் சொன்னதில்லை. “நர்சு வந்தா தொரத்தி உடுவீங்க. அதனாலதான் எங்களாட்ட ஆளுக வாரோம்” என்றார். மறுநாள் அவரே வந்து பையனைப் பைக்கில் உட்காரவைத்து நாமக்கல் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் மாத்திரைக்கு ஏற்பாடு செய்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றாராம் டாக்டர். நாங்கள் பொய் சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்தது அந்த மனிதரையா!

பையன் இப்போது தேறிவிட்டான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் அந்த அண்ணனோடு கிளம்புகிறான். யார் வீட்டுக்கு என்று நான் கேட்பதில்லை. ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று ஒவ்வொரு முறையும் பாதையை எட்டிப் பார்த்துக்கொள்கிறேன். ஆனாலும் போகாதே என்று சொல்ல வாய் வருவதில்லை. எங்கோ ஒரு வீட்டில், உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு யாரோ பெற்ற பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருப்பானே.