மிளகின் தாகம்

டைல்ஸ் ஒட்டும் அந்த மனிதருக்கு ரசமட்டம் என்று பேர் வைத்தவர்கள் கூட வேலை பார்க்கிறவர்கள்தான். தரை மட்டமாக இருக்கிறதா என்று வேலையில் எல்லாரும் அந்தக் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். இவர் விருந்தாளியாகப் போன வீட்டிலும் பார்ப்பார். உட்காரச் சொன்னால் முதலில் உள்ளங்கையால் தரையை ஒரு தடவு தடவி, இந்த மூலை கொஞ்சம் தூக்கியிருக்கிறதே என்று அந்த வீட்டுக்காரரிடமே சொல்வார். அப்படிப்பட்டவரை இரண்டாவது தடவை யார் கூப்பிடுவார்கள்? அவருக்கும் அதில் வருத்தம் இல்லை. வேலையை விட்டால் வீடு, வீட்டில் மிளகு.

மிளகு என்பது நாய். கன்னங்கரேலென்று கையகலத்தில் இருந்தபோது மகள் எங்கிருந்தோ தூக்கி வந்தது. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். நாய்க்கு அங்கே இடமில்லை என்று மருமகன் சொல்லிவிட்டார். ரசமட்டத்துக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வெளியே மட்டும் ஒரு வாரம் மருமகனைத் திட்டித் தீர்த்தார்.

வேலை முடிந்து வந்தால் குளியல், குளித்தால் களிம்பு. சிமென்ட் அவர் கைகளைத் தின்றிருந்தது. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு, வெடிப்பெல்லாம் அரிப்பு. கையுறை போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்காதவர்கள் இல்லை. போட்டால் இரண்டு டைல்ஸ் சேரும் இடத்தில் உள்ள ஏற்ற இறக்கம் விரலுக்குத் தெரியாது என்பார். சில வருஷங்களுக்கு முன்னால் மருந்துக் கடைக்காரர் அந்தக் கைகளைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு களிம்பை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் சீட்டு ஒன்றும் கேட்கவில்லை. பூசிய மறுநாளே அரிப்பு அடங்கியது. அன்றிலிருந்து தீரத் தீர வாங்கி, சிமென்ட் கரண்டி, ரப்பர் சுத்தி, நூல் உருண்டையோடு வேலைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

களிம்பு பூசியானதும் சுவரில் சாய்ந்து காலை நீட்டுவார். மிளகு மடியில் ஏறிச் சுண்டு விரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக நக்கும். எரிகிற வெடிப்பில் அந்த ஈரம் படும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். பகல் முழுக்க மண்டியிட்டே கழிக்கிற மனிதருக்கு அது ஒன்றுதான் சுகம். தையல் கம்பெனியிலிருந்து களைத்து வரும் மனைவி அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, "இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தவ நான். கவனிப்பு மட்டும் அதுக்கு" என்று சொல்லியபடி உள்ளே போவாள்.

போன வருஷக் கோடையில் மிளகுக்குத் தாகம் வந்தது.

முதலில் வெயில் என்று நினைத்தார்கள். வெயில் போன பிறகும் தாகம் போகவில்லை. கிண்ணத்தைக் காலி செய்யும். நிரப்பினால் அதையும் காலி செய்யும். குளியலறை வாளியில் தலையை விடும். குடித்ததெல்லாம் வெளியே வர வேண்டுமல்லவா? மாடியிலிருந்து வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் பாதிப் படியிலேயே எல்லாம் முடிந்துவிடும். பசியோ சொல்லி மாளாது. வாழ்நாளில் திருடாத நாய் மனைவியின் சாப்பாட்டுப் பையைக் கிழித்தது. வயிறு பானையாகத் தொங்கியது, இடுப்பில் முடி கொட்டித் தோல் தெரிந்தது. குட்டி போடப் போகிறதா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். இந்த வயதிலா என்று ரசமட்டம் எரிந்து விழுந்தார்.

கீழே வீட்டுக்காரர் குடியிருந்தார். அவர் படுக்கையறைக் கூரையில் ஒரு மஞ்சள் கறை தோன்றி, நாளுக்கு நாள் அகலமானது. ஊருக்கெல்லாம் தரை போடுகிறவர் குடியிருந்த வீட்டில் தரை பல்லை இளித்தது என்பதுதான் வேடிக்கை. டைல்ஸ் இடுக்கில் அடைத்த பூச்செல்லாம் பெயர்ந்து, மிளகு விடுவதெல்லாம் அதன் வழியே கீழே இறங்கியது. வீட்டுக்காரர் நல்ல மனிதர், கத்த மாட்டார். மாத முடிவுக்குள் நாயாவது போக வேண்டும், நீங்களாவது போக வேண்டும் என்று மெதுவான குரலில் சொல்லிவிட்டுப் போனார். மெதுவாகச் சொன்னதால் அதை மறக்கவும் முடியவில்லை.

கால்நடை மருத்துவர் ஓர் இளம் பெண். மிளகின் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்து, இது குஷிங் நோய் போலத்தான் இருக்கிறது என்றார். உடம்பில் கார்டிசால் என்று ஒன்று சுரக்கிறது. அது அளவுக்கு மீறினால் இப்படியெல்லாம் ஆகும். பெரும்பாலும் தலைக்குள் இருக்கும் சின்னச் சுரப்பியில் ஒரு கட்டி, சில சமயம் சிறுநீரகத்துக்கு மேலே. மருந்து ஏதாவது, ஸ்டீராய்டு மாதிரி, கொடுத்தீர்களா என்று கேட்டார். மிளகுக்குப் பூச்சி மாத்திரை தவிர எதுவும் கொடுத்ததில்லை என்று ரசமட்டம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். வீட்டில் யாரெல்லாம் என்ன மருந்து சாப்பிட்டாலும் அதையும் எடுத்து வாருங்கள் என்றார் மருத்துவர். மறுநாளே மனைவியின் முட்டிவலி மாத்திரை, இருமல் மருந்து, வயிற்றுக்கான பொடி வரைக்கும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டினார். எதிலும் ஒன்றுமில்லை.

இனி வழி என்ன என்றால், வழி மூன்று. ஆயுள் முழுக்கத் தினமும் சாப்பாட்டோடு கேப்சூல் கொடுக்கலாம். ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் நாய் சுருண்டு விழும், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேன் எடுத்து, கட்டி சிறுநீரகத்துக்கு மேலே என்றால் பெரிய ஊருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்யலாம். மேசையிலேயே போனாலும் போகும். இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல், தண்ணீரும் துடைக்கிற துணியுமாகக் காலத்தை ஓட்டலாம்.

மகள் போனில் அழுது, ஆபரேஷன்தான் என்றாள். அழுகிறவள் அங்கே, தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் இங்கே. மச்சினன் வந்து உட்கார்ந்து, ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பிவிடுங்கள் மாமா என்றான். சொல்லிக்கொண்டே மிளகின் காதைத் தடவினான். மனைவி எதுவும் சொல்லவில்லை. அவள்தான் காலையில் எழுந்ததும் தரையைத் துடைப்பவள், அவள் சொல்லாததுதான் அவருக்குப் பெரிய பாரமாக இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். வேலையில் இருந்தால் மனசு வீட்டில். வீட்டில் இருந்தால் காது கீழ்வீட்டில். கதவை யாராவது தட்டினால் வீட்டுக்காரரோ என்று மிளகை வாரிக்கொண்டு உள்ளே போவார். இந்த மனிதர் ஒரு மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டே வாழ்ந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

கடைசியில் கேப்சூல் என்று முடிவு செய்து போய் நின்றார். மருத்துவர் கொடுக்க மறுத்தார். இன்னொரு பரிசோதனை பாக்கி இருக்கிறது, ஓர் ஊசிக்கு முன்னாலும் பின்னாலும் ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் என்றார். ரசமட்டத்துக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டுக்காரர் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறார், இந்தப் பொண்ணு ரத்தம் ரத்தமாக எடுக்கிறதே என்று வழியெல்லாம் திட்டினார்.

முடிவு வந்ததும் மருத்துவர் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சுரப்பி அதிகமா வேலை செய்யல. வேலையே செய்யல, தூங்குது. அப்படின்னா மருந்து வெளியில இருந்து உடம்புக்குள்ள போகுது. யாரோ கொடுக்கிறாங்க."

யாரோ கொடுக்கிறார்கள். அந்த வார்த்தையை ரசமட்டம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். நேரே கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, என் நாய்க்கு பிஸ்கட்டில் என்ன கலந்து போடுகிறீர்கள் என்று கேட்டார். எப்போதோ ஒரு பிஸ்கட் போட்ட பாவத்துக்கு அந்த மனிதர் அதையும் வாங்கிக்கட்டிக்கொண்டார். மச்சினனைப் போனில் பிடித்து, நிம்மதியாக அனுப்பச் சொன்னாயே, நீயே ஆரம்பித்துவிட்டாயா என்றார். மிச்சம் இருந்தவள் மனைவி ஒருத்திதான். உன் முட்டிவலி மாத்திரையை எங்கே வைக்கிறாய், எண்ணி வைக்கிறாயா, கீழே விழுந்ததா என்று துருவித் துருவிக் கேட்டார். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் அவளை இப்படி யாரும் கேட்டதில்லை.

அவர் குளித்தார். பையிலிருந்து களிம்பை எடுத்துப் பூசினார். சுவரில் சாய்ந்தார். மூச்சிரைத்துக்கொண்டே மிளகு மடியில் ஏறிச் சுண்டு விரலில் ஆரம்பித்தது. மனைவி சமையலறை வாசலில் வந்து நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்னத்த நக்குது?"

"கையத்தான். தினமும் நக்கறதுதானே."

"கையில என்ன இருக்கு?"

ரசமட்டம் விரல்களைப் பார்த்தார். பாதி விரல்கள் களிம்பில் பளபளத்தன. மீதி விரல்கள் சுத்தமாக, ஈரமாக இருந்தன. சூடு பட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். மிளகு இன்னும் ஒரு தடவை வெறும் காற்றை நக்கியது.

டியூபில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் போனில் படித்தார். அந்தப் பக்கம் மருத்துவர் அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, இது வீரியமான ஸ்டீராய்டு, தினமும் நக்கினால் தினமும் மாத்திரை கொடுத்த மாதிரிதான் என்றார்.

"வீட்ல இருக்கற மருந்தெல்லாம் கொண்டுவரச் சொன்னேனே?"

"அது மருந்துன்னே தோணலைங்க. பையில கரண்டியோட கிடக்கறது."

அன்றைக்குக் கேப்சூலைக் கொடுத்திருந்தால், தூங்குகிற சுரப்பியை இன்னும் அமுக்கி, மிளகு பிழைத்திருக்காது என்றும் மருத்துவர் சொன்னார். அதைக் கேட்டதும் ரசமட்டம் போனை வைத்தார். தரையில் உட்கார்ந்தார். அது மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. ஓடி ஓடி வேறு யாரையோ தேடிய ஆளுக்கு, தன் இரண்டு கைகளை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியவில்லை. மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் கையமர்த்தி, முதலில் எழுந்து கையைக் கழுவுங்கள் என்றாள்.

சட்டென்று நிறுத்தவும் கூடாதாம். சுரப்பி விழிக்கும்வரை அதே மருந்தைச் சின்ன மாத்திரையாகக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். களிம்பு பட்ட கை மட்டும் அதன் நாக்குக்கு எட்டவே கூடாது.

களிம்பைக் குப்பையில் எறிந்தார். சில நாளில் விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்தது, டைல்ஸ் பிடியிலிருந்து வழுக்கியது. கை ஆறியதும் வாருங்கள் என்று மேஸ்திரி அனுப்பிவிட்டார். தோல் டாக்டரிடம் போனால், சிமென்ட்டை விட்டுவிடுங்கள் என்றார். அதை விட்டுவிட்டு எதைப் பிடிப்பது என்று அவர் சொல்லவில்லை. ஆக, மிளகுக்கு மாத்திரை வேண்டும், மாத்திரைக்கு வேலை வேண்டும், வேலைக்குக் கை வேண்டும், கைக்குக் களிம்பு வேண்டும், களிம்பு இருந்தால் மிளகு கிட்டே வரக்கூடாது. எப்படிச் சுற்றினாலும் அதே இடத்தில்தான் வந்து முட்டிக்கொண்டார்.

மறுபடி களிம்பு வாங்கினார். இந்தத் தடவை சாயங்காலமானால் ஒரு முக்காலியோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பூசி, ஊறும்வரை அங்கேயே உட்கார்ந்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, அதற்கு மேல் துணியும் சுற்றிக்கொண்டு வெளியே வருவார். அதுவரை மிளகு கதவைப் பிராண்டும். நகம் மரத்தில் கீச் கீச்சென்று இழுபடும் அந்தச் சத்தத்தை உள்ளே இருந்து கேட்பது கொடுமை. வெளியே வந்தால் துணியை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போய்விடும்.

கீழ்வீட்டுக்காரரிடம் போய்த் தலைகுனிந்து நின்றார். பேச்சுக்குப் பதிலாகத் தன் வீட்டுத் தரை இடுக்கு முழுவதையும் சுரண்டி எடுத்து, புதிதாக அடைத்து, அவர் கூரைக் கறைக்கு வெள்ளையும் அடித்துக் கொடுத்தார். நாய் இருந்துவிட்டுப் போகட்டும், நீங்கள்தான் கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள் என்றார் அவர்.

தாகம் மெல்லக் குறைந்தது. இடுப்பில் முள்ளுமுள்ளாக முடி முளைத்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ரசமட்டத்துக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது. ஒரு நாள் அதை மனைவியிடம் கேட்டே விட்டார்.

"இத்தனை நாளும் அவ என்னத் தேடி வந்தாளா, களிம்பத் தேடி வந்தாளா?"

அவள் கிட்டே வந்தாள். அவர் கையில் சுற்றியிருந்த துணியைச் சரியாக இறுக்கிக் கட்டிவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், குளியலறைக்குள் உட்கார்ந்திருந்தபோது பிராண்டும் சத்தம் கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றுமில்லை. சரி, களிம்பு கிடைக்காது என்று அதற்கும் புரிந்துவிட்டது, வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டது என்று நினைத்தார். நெஞ்சை யாரோ கரண்டியால் வழித்தெடுத்தது போல இருந்தது. கையைக் கழுவினார், துணியைச் சுற்றினார், வெளியே போகக் கதவைத் தள்ளினார்.

கதவு திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். மறுபக்கம் ஏதோ கனமாக முட்டிக்கொண்டிருந்தது, அசைந்து கொடுத்துவிட்டு மறுபடி சாய்ந்தது. அப்புறம் சீரான குறட்டைச் சத்தம் கேட்டது. கதவோடு கதவாக முதுகை ஒட்டிப் படுத்து, மிளகு தூங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, வரலையா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"மாட்டிக்கிட்டேன். எழுப்பாத, அவளா எந்திரிக்கட்டும்" என்றார் ரசமட்டம். முக்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, இந்தப் பக்கமிருந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.