முழங்காலுக்குக் கீழே

துப்பாக்கி வாங்கினேன் என்று சொன்னால் இங்கே நம் ஆட்கள் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். ஒன்று, இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று. இன்னொன்று, இவன் டெக்சாஸ்காரனாகவே மாறிவிட்டான் என்று. இரண்டும் இல்லை. எனக்குத் துப்பாக்கி பிடிக்காது. அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். நான் வாங்கியது ஒரே ஒரு கேள்விக்காக. பதில் சொல்ல வேண்டிய ஆள் அப்போது செத்துப்போயிருந்தார்.

என் அப்பா ஆயுதப்படைப் போலீஸ். திருடனைப் பிடிக்கிற போலீஸ் இல்லை. மறியல், ஊர்வலம், கலவரம் என்றால் லாரியில் ஏற்றி அனுப்புவார்களே, அந்தப் போலீஸ். அவர் கையில் இருந்தது திரீ நாட் திரீ. ராணுவம் பயன்படுத்தி முடித்து ஒதுக்கிய பிறகு போலீசுக்கு வந்த பழைய துப்பாக்கி.

நான் எட்டாவது படிக்கும்போது பக்கத்து ஊரில் ஒரு மறியல் நடந்தது. கல் பறந்தது, சுட உத்தரவு வந்தது. அப்பாவோடு சேர்த்து ஐந்து பேர் சுட்டார்கள். வயிற்றில் குண்டு பாய்ந்து ஒரு ஆள் செத்தார். கூலி வேலை செய்கிறவர். அவர் கையில் கல்கூட இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை அடிக்கவில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான். "டேய், உங்கப்பன் குண்டா அது?" தண்ணீர்க் குழாயடியில், விளையாட்டு மைதானத்தில், பரீட்சை முடிந்து வெளியே வரும்போது. எனக்குத் தெரியாது என்றால், "வீட்ல கேட்டுட்டு வா" என்பார்கள், ஏதோ வீட்டுப்பாடம் மாதிரி.

கேட்டேன். அப்பா சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"நீதான் சுட்டியாப்பா?"

நிமிராமல் சொன்னார். "முழங்காலுக்குக் கீழதான் வெச்சேன்."

கூட்டத்தைச் சுடும்போது தாழ்த்திக் குறி வைக்க வேண்டும் என்பது போலீசுக்குச் சொல்லிக்கொடுத்த விதி. அதை அப்படியே ஒப்பித்தார் என்று எனக்குப் பட்டது. கல்லூரிக்குப் போகும்போது கேட்டேன். அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது விமான நிலைய வாசலிலேயே கேட்டேன். வார்த்தை மாறவில்லை. ஐந்து பேரும் முழங்காலுக்குக் கீழே வைத்திருந்தால் குண்டு எப்படி ஒருவன் வயிற்றுக்குப் போகும்? யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். அந்த யாரோ என் அப்பாவாக இருக்கலாம். இந்த ஒரு சந்தேகத்தோடுதான் அவரோடு முப்பது வருடம் போனில் பேசினேன், லீவுக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன், கடைசியில் கொள்ளியும் வைத்தேன்.

எனக்கு வேலை மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. யார் என்ன சொன்னாலும் நம்ப மாட்டேன், ஓட்டிப் பார்ப்பேன். அப்பா போன பிறகு இதையும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அதே துப்பாக்கி, அதே தூரம், முழங்காலுக்குக் கீழே குறி. குண்டு எங்கே போகிறது என்று பார்த்தால் போதும். கிரீன் கார்டு வந்திருந்தது. வேலை விசாவில் இருக்கும்போது நம்மிடம் லேசில் விற்க மாட்டார்கள். இப்போது விற்பார்கள்.

ஆபீசில் நாகர்கோவில்காரர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுவார், சனிக்கிழமை காட்டுப்பன்றி சுடப் போவார். அவரிடம் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை.

"பழைய திரீ நாட் திரீயா? சவத்த எதுக்கு மக்கா? நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுக்கேன்."

"அதுதான் வேணும் அண்ணாச்சி."

"ஒனக்குப் பன்னி சுடணுமா, இல்ல சண்டைக்குப் போறியா?"

டல்லாஸ் பக்கத்தில் ஒரு பொருட்காட்சி மண்டபத்தில் துப்பாக்கிச் சந்தை போட்டிருந்தார்கள். நம்மூர்ப் புத்தகக் காட்சி மாதிரி வரிசையாக மேஜைகள், பாப்கார்ன் வாசனை, கைக்குழந்தையோடு குடும்பங்கள். ஒரு மூலையில் ராணுவங்கள் கழித்துப்போட்ட பழைய துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு தாடிக் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெரும்பாலும் ரஷ்யாக்காரனுடையது. கடைசியில் இருந்ததை மட்டும் தள்ளியே வைத்திருந்தார். அது இந்தியாவில் செய்தது, மரம் மட்டம், அதனால் மலிவு என்றார். கையில் வாங்கினேன். இரும்பில் சிங்க முத்திரை. கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி. பின்கட்டையில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண், பாதி அழிந்துபோய்.

"மட்டமான மரமாம்" என்று அண்ணாச்சியிடம் தமிழில் சொன்னேன். "இவன் தாத்தனா வந்து தூக்கினான்? எங்கப்பன் தூக்கியிருக்கான் முப்பது வருஷம்."

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஓஹோ" என்றார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. வாங்குகிறவன் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று பின்னணி சரிபார்த்து முடிக்க ஒரு காப்பி குடிக்கிற நேரம்தான் ஆனது. டிரைவிங் லைசென்ஸ் வாங்க நான் அதைவிட அதிகம் நின்றிருக்கிறேன்.

என் மனைவி ஒரே வரியில் முடித்தாள். "அது வீட்டுக்குள்ள வந்தா நானும் புள்ளைங்களும் வெளிய." அம்மா ஆறு மாத விசாவில் வந்து எங்களோடு இருந்தாள். அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்று நானும் நினைத்தேன். துப்பாக்கி அண்ணாச்சி வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை ஊருக்கு வெளியே சுடும் மைதானத்துக்குப் போனோம். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை ஆள் உயரத்துக்கு வெட்டி எடுத்துக்கொண்டேன். முழங்கால், தொடை, இடுப்பு, வயிறு என்று மார்க்கரில் கோடு போட்டிருந்தேன். அதைப் பார்த்ததும் அண்ணாச்சிக்குச் சிரிப்பு போய்விட்டது. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பது கஜத்தில் அட்டையை நட்டோம். அந்த ஊரில் போலீஸ் நின்ற இடத்துக்கும் அந்த ஆள் விழுந்த இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பள்ளிக்கூட நாளிலேயே சைக்கிளில் போய் நடந்து அளந்திருக்கிறேன். அந்த வயதில் மற்ற பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நான் நின்றுகொண்டேதான் சுட்டேன், அப்பா நின்றுகொண்டுதான் சுட்டிருப்பார் என்பதால். முழங்கால் கோட்டுக்குக் கீழே குறி வைத்து விசையை இழுத்தேன். தோளில் மாடு முட்டியது போல இருந்தது. காதடைப்பான் போட்டிருந்தும் சத்தம் பல்லில் கேட்டது. முதல் குண்டு மண்ணில். இரண்டாவது எங்கே போனது என்றே தெரியவில்லை. மூன்றாவது வயிற்றுக் கோட்டில் ஓட்டை போட்டது.

அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ அலைபாயுத. குடு இங்க" என்று அண்ணாச்சி வாங்கினார். மேஜையில் மணல் மூட்டை மேல் துப்பாக்கியை வைத்து, நிதானமாக, அதே இடத்துக்குக் குறி வைத்துச் சுட்டார். எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தன, குறியிலிருந்து ஒரு சாண் மேலே. முழங்காலுக்கு வைத்தது தொடையில். இந்தத் துப்பாக்கி தூரத்து எதிரிக்காகச் செய்தது, கிட்டத்தில் எப்போதும் கொஞ்சம் மேலேதான் போகும் என்றார்.

நான் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேலே போகிறது! மணல் மூட்டை மேல் வைத்தாலே ஒரு சாண் மேலே என்றால், கல் பறக்கிற இடத்தில், கை நடுங்க, நின்றுகொண்டு சுட்டால் வயிறுதானே. அப்பா பொய் சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழேதான் வைத்தார். தோள் மரத்துப்போகும்வரை திரும்பத் திரும்பச் சுட்டேன். ஒவ்வொன்றும் தொடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே எங்கோ போய் விழுந்தது. சின்ன வயதில் கிடைக்காமல் போன பதிலை அட்டையில் ஓட்டை ஓட்டையாகப் பார்த்தேன்.

அண்ணாச்சி அட்டையருகே போய் ஓட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "மக்கா, சொன்னா கோவப்படாத" என்றார்.

"சொல்லுங்க."

"இது இந்தத் துப்பாக்கி. ஒங்கப்பா வெச்சிருந்தது வேற. முன்னால நிக்க குறிமுள்ளு இருக்கு பாரு, அத ஒவ்வொரு துப்பாக்கிக்கும் சுட்டுப் பாத்துதான் மாட்டுவானுவ. ஒண்ணு மேல அடிக்கும், இன்னொண்ணு நேரா அடிக்கும். ஒங்கப்பாக்க துப்பாக்கி எங்க அடிச்சுதுன்னு இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, கேட்டியா."

"இத இப்ப சொல்லணுமா?"

"நீ நம்பிட்டுப் போயிருவியேன்னுதான்..."

"நம்பிட்டுப் போனா உங்களுக்கு என்னய்யா போச்சு?"

கத்திவிட்டேன். அந்த மனுஷன் துப்பாக்கியை உறையில் போட்டார். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆபீசில் வேறு எவனாவது இப்படி ஒரு சோதனையைச் செய்துவிட்டுப் பதில் கிடைத்தது என்று வந்திருந்தால் நானே திட்டியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மட்டும் இருந்தாள். மனைவி பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போயிருந்தாள். அம்மா சோறு போட்டாள். ரசக் கிண்ணத்தை எடுக்கக் கையை நீட்டினேன், வரவில்லை. இடது கையால் எடுத்தேன்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல. ஜிம்ல இழுத்துக்கிச்சு."

"சட்டையக் கழட்டு."

"விடும்மா."

"கழட்டுடா."

வலது தோளின் குழியில் கருநீலமாகக் கன்றியிருந்தது. அம்மா அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தாள். வருடா வருடம் சுடும் பயிற்சி முடிந்து வரும்போது அப்பாவுக்கு இதே இடத்தில் இதே ஒத்தடம்.

"ஜிம்முல இந்த எடத்துல அடிபடாது" என்றாள். "எங்க போய் சுட்ட?"

சொன்னேன். அட்டை, கோடு, வயிற்றில் விழுந்த ஓட்டை, அண்ணாச்சி சொன்னது, எல்லாவற்றையும். அவள் ஒத்தடத்தை நிறுத்தவில்லை.

"அவருக்கே தெரியாதுடா" என்றாள். "அஞ்சு பேரு ஒண்ணா சுட்டா யாரு குண்டுன்னு யாருக்குத் தெரியும்? அஞ்சு பேரும் அவங்கவங்க குண்டுதான்னு நெனச்சிக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க. அதுகூட அவரு தாங்கிட்டாரு."

"அப்ப எத தாங்கல?"

அம்மா துணியை இன்னொரு பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"சுட்டா காலித் தோட்டாவ எண்ணி ஒப்படைக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் வேலைக்கு ஆபத்து. அன்னிக்கு அவருது ஒண்ணு எங்கயோ போயி விழுந்துடுச்சு. கூட்டமெல்லாம் ஓடிடுச்சு. ரோடெல்லாம் செருப்பு. இவரு மண்டி போட்டுக்கிட்டு அந்தக் காலித் தோட்டாவத் தேடுறாரு. அந்த ஆளு பக்கத்துலயே கெடக்கறான். தண்ணி, தண்ணின்னு இவரப் பாத்துக் கேக்கறான். இன்ஸ்பெக்டரு அந்தப் பக்கம் நின்னு கத்துறாரு, கெடைச்சுதா கெடைச்சுதான்னு. தோட்டாவ எடுத்துட்டு தண்ணி குடுத்துடலாம்னு தேடிட்டே இருந்திருக்காரு. சாக்கடை ஓரத்துல கெடைச்சுது. எழுந்து தண்ணி வாங்கிட்டு வரதுக்குள்ள அவன ஜீப்புல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. போற வழியிலயே முடிஞ்சுது."

தட்டைத் தள்ளி வைத்தேன்.

"இத ஏம்மா எங்கிட்ட சொல்லல? அவராவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ எங்கடா அத கேட்ட? சுட்டியா, சுட்டியான்னுதான கேட்ட. கேட்டதுக்கு அவரு பதில் சொன்னாரு."

கோபம் வந்தது. அவள் மேலா, செத்துப்போன மனுஷன் மேலா, ஒரு பித்தளைத் துண்டுக்காக மண்டி போட வைத்த உத்தியோகத்தின் மேலா, தெரியவில்லை. ஏதாவது சொல்லி அதைச் சரிசெய்ய வேண்டும் போல இருந்தது. வயிற்றில் குண்டு பட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கவே கூடாது, கொடுக்காததுதான் சரி, எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார் என்றேன்.

"தெரியும்" என்றாள் அம்மா. "ஜிஎச் டாக்டரே அவர்கிட்ட சொன்னாரு. ஒண்ணுக்கு ரெண்டு தடவ சொன்னாரு."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் என்னவா? ஒரு மனுஷன் சாகும்போது தண்ணி கேட்டான். இவரு கீழ பாத்து எதையோ தேடிக்கிட்டிருந்தாரு. அத டாக்டரு சொல்லி மாத்த முடியுமா?"

உப்பு ஆறிப்போயிருந்தது. மறுபடி வறுத்துக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தாள். வேண்டாம் என்றேன். கேட்காமல் போனாள். சட்டை இல்லாமல், எச்சில் கையோடு, அவள் திரும்பி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.