துரை காரில் வந்த போன்

நிற்கிற காரில் உட்கார்ந்து, மறுமுனையில் யாருமே இல்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு, ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்டிக்கொண்டிருந்தவன் நான். குழாயடியில் தொழிலாளர் லயத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் காரணம். எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மேனேஜர் துரைக்கு நான் டிரைவர். கம்பியில்லாத போனை அவர் காரில் பொருத்தியபோது, கண்டுபிடித்ததே நான்தான் என்கிற மாதிரி திரிந்தேன். பொருத்த வந்த ஆள், இது ஒருநாள் சட்டைப்பைக்குள் வந்துவிடும் என்றான். அவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

லயத்து ஆட்கள் துரை காரில் ஏற மாட்டார்கள். எங்கும் எழுதி ஒட்டவில்லை. கல்யாணமோ காய்ச்சலோ, லோரிதான்.

ஒரு காலையில், செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த என் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு, நீளக் கம்பில் கட்டியிருந்த கத்தி நழுவித் தொடையில் இறங்கிவிட்டது. சாக்கில் போட்டு ஆபீஸ் வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். லோரி மில்லுக்குப் போயிருந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தன் சட்டையைக் கிழித்துக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. போன் எதற்கு இருக்கிறது, ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்றார் துரை. கூட்டமே என்னைப் பார்த்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இப்போது நினைத்தால் அந்த நெஞ்சில் நானே குத்திக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மரங்களுக்கு நடுவே லைன் கிடைக்கவில்லை. காரைக் கிளப்பி, மண்சாலை தாண்டி, பெரிய ரோட்டில் டவுனுக்குப் பாதி வழி போனபிறகுதான் கிடைத்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு, காலி சீட்டோடு தோட்டத்துக்கே திரும்பி வந்து, எல்லோரோடும் நின்று காத்திருந்தேன். அவனைத் தூக்கி வந்தவர்கள் காரில் சாய்ந்துகூட நிற்கவில்லை, கீறல் விழுந்துவிடுமாம். ஆம்புலன்ஸ் அவ்வளவு தூரமும் வந்து, அவ்வளவு தூரமும் திரும்பிப் போகவேண்டியிருந்தது.

உயிர் தங்கியது. கால் போய்விட்டது.

அடுத்த வாரமே கிளப்பில் துரை, தன் போன் ஓர் உயிரைக் காப்பாற்றிய கதையைச் சொன்னார். கைதட்டினார்கள். வெளியே கார் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அந்த அழுக்குத் துணியை அவர் வாயில் திணித்திருக்க வேண்டும். திணித்திருக்க வேண்டிய கைதான் ஏரியலை இன்னும் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தது. அன்று பூராவும் என் பல் நறநறத்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். லைனுக்காக நான் பறந்த பறப்பையெல்லாம் விளக்கினேன். உன்னைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம், அங்கே இருந்த ஒருத்தருக்கும் அது தோன்றவில்லையே என்று துரையைத் திட்டினேன், தோட்டத்தையே திட்டினேன். அவன் பழத்தைத் தொடவில்லை.

“எனக்குத் தோணுச்சுண்ணே. கேட்டா நீங்க ஏத்த மாட்டீங்கன்னுதான் கேக்கல.”