சவுதிக்குப் போன கேள்விகள்

ஒரே அறையில் ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் உட்கார வைத்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்தச் சொன்னவர்களை நான் மனதுக்குள் திட்டாத நாளில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. பெரம்பலூரில் பஸ் ஏறி, ரஞ்சன்குடி தாண்டி இறங்கி, கொஞ்சம் நடந்தால் எங்கள் நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டால் ஏழாம் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். ஏழாம் வகுப்பு பக்கம் திரும்பினால் ஆறில் அடிதடி. எனக்கோ கோபம் மூக்கு நுனியில் நிற்கும்.

அந்த ஊரில் பல வீடுகளின் ஆண்கள் சவுதியில் வேலை செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்குக் கடிதம் எழுதி என்ன பயன்? கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வீட்டிலிருப்பவர்கள் அந்தக் கேசட்டிலேயே பதில் பேசி, திரும்பிப் போகிறவரிடம் கொடுப்பார்கள். என் ஏழாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி ஒரு நாள், "எங்க அத்தா பேசின கேசட்டு வந்துச்சு டீச்சர், போட்டுப் போட்டுக் கேட்டோம்" என்றாள். அவ்வளவு தூரத்திலிருந்து அவள் அப்பா குடும்பமே நடத்துகிறார், இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு என்னால் பாடம் நடத்த முடியாதா என்று தோன்றியது.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா தயங்காமல், வெல்வெட் உறை போட்ட டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"கொண்டுபோங்க டீச்சர். பத்திரம். அவங்க கொரலு இதுக்குள்ளதான் இருக்கு."

"நேற்று நடத்திய பாடம்" என்று சொல்லித் தொடங்கி, அதிலிருந்து கேள்விகளைப் பதிவு செய்தேன். அந்தப் பெண் கணீரென்று "கேள்வி ஒன்று" என்பாள். நான் கேள்வியைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பேன். எனக்கு அதுதான் கஷ்டமான வேலை. ஏழாம் வகுப்பு எந்த இடத்தில் சளசளக்கும் என்று எனக்குத் தெரியுமாதலால், அந்த இடத்தில் "யாருடா அது பேசறது?" என்று ஓர் அதட்டலையும் முன்கூட்டியே பதிந்து வைத்தேன். மறுநாள் ஏழாம் வகுப்பை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். அங்கே டேப் பெட்டி சரியாக அதே நேரத்தில் அதட்டியபோது பயல்கள் வெலவெலத்துப் போனார்கள். இங்கே நான் ஆறாம் வகுப்போடு நிம்மதியாகக் கணக்குப் போட்டேன்.

பெட்டிக்குப் பொறுப்பு அந்தப் பெண்தான். பொத்தானை அவள்தான் அழுத்துவாள். தீர்ந்துபோன பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு நாள் ஓட்டுவாள். பெரியவளானால் டீச்சராக வேண்டும் என்று அவள் சொன்னபோது, ஆவாள் என்று நானும் நம்பினேன்.

அவள் வயதுக்கு வந்தாள். பள்ளிக்கூடம் நின்றது.

அப்போது எல்லா ஊரிலும், எல்லா வீட்டிலும் நடந்ததுதான். என் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நின்றுபோனார்கள். ஆனாலும் என்னால் பொறுக்க முடியவில்லை. நேரே அவள் வீட்டுக்குப் போய்ப் படபடவென்று பொரிந்து தள்ளினேன். அவள் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"என் கையில என்ன டீச்சர் இருக்கு? பெரிய மனுசியானா நிறுத்திடுன்னு அவ அத்தா போன கேசட்டுலயே சொல்லிட்டாங்க. புள்ள வூட்டுல மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கறத பாக்க எனக்கும் சகிக்கலதான்."

என் கோபம் வடிந்துவிட்டது. இந்த அம்மாளிடம் கத்தி என்ன ஆகப்போகிறது? அவள் அப்பாவிடம் நானே கேசட்டில் பேசுகிறேன் என்றேன்.

"நிறுத்திட்டோம்னு பதில் பேசி நேத்துதான் அனுப்பிச்சேன், டீச்சர்."

கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் மெல்ல வந்தது. "டீச்சர், நம்ம கேள்வியெல்லாம் அந்தக் கேசட்டோட மறுபக்கத்துலதான் இருக்கு."

வெற்றுக் கேசட் கிடைக்காமல், காலியாக இருந்த பக்கத்தில் பதிந்திருந்தோம். சவுதிக்குப் புறப்பட்டவர் அவசரப்படுத்தியதில் யாரும் அதை நினைக்கவில்லை. பிள்ளையைப் பிரிந்து உழைக்கிற மனிதருக்கு என் அதட்டல் போய்ச் சேரப்போகிறதே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் தம்பி பள்ளிக்கு ஓடிவந்து, "கேசட்டு வந்திருக்கு, அம்மா ஒங்கள கையோட கூட்டிட்டு வரச் சொல்லுச்சு" என்றான். போனேன். அந்தப் பெண் பொத்தானை அழுத்தினாள்.

முதலில் சலாம். அப்புறம் "நேற்று நடத்திய பாடம்" என்று என் குரல். அடுத்து அவள் குரலே வந்தது: "கேள்வி ஒன்று." பிறகு என் குரல்: "நமக்கு இரவாக இருக்கும்போது எல்லா நாட்டிலும் இரவா?" நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த இடத்தில் டக்கென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஓர் ஆண் குரல், கைகட்டி நிற்கிற மாதிரி, பேசியது.

"இல்லீங்க டீச்சர். உங்களுக்கு இருட்டுனப்புறமும் எங்களுக்கு வெயிலு அடிக்குதுங்க."

அந்த இடைவெளிகள் தனக்காகத்தான் விடப்பட்டவை என்று அவர் நினைத்துவிட்டார்! ஒவ்வொரு கேள்விக்கும் பதில் பேசி, அந்தந்த இடத்திலேயே பதிந்திருந்தார். நிலவுக்குச் சொந்த ஒளி உண்டா? "உண்டுங்க. இங்க ராத்திரி நல்லாத் தெரியுது."

"இல்லத்தா! அது சூரியனோட வெளிச்சம்!" என்று அந்தப் பெண் பெட்டியைப் பார்த்துக் கத்தினாள்.

அடுத்து என் அதட்டல் வந்தது. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் பதறிப்போய், "நான் பேசலீங்க டீச்சர்" என்றார். அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் அடக்க முடியாமல் சிரித்தேன்.

கேள்விகள் முடிந்தன. கொஞ்சம் இரைச்சல். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நேத்து நடத்துன பாடம்னு சொல்றீங்க டீச்சர். நேத்து நான் வரலீங்களே. இனிமே பாப்பா தெனமும் போயி கேட்டுட்டு வந்து, எனக்குக் கேசட்டுல சொல்லட்டும்."

அம்மா டேப்பைப் பின்னால் ஓட்டி, அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டு முடித்ததும் எழுந்துபோய், டிரங்குப் பெட்டியிலிருந்து பள்ளிக்கூடத்து நீலப் பாவாடையை எடுத்துவந்து மகளின் இடுப்பில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு மாசத்துல வளந்துட்டா டீச்சர்" என்றார். அங்கேயே உட்கார்ந்து, பாவாடையின் அடியில் மடித்துத் தைத்திருந்த ஓரத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்.