எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

விழுப்புரத்திலிருந்து பைக்கில் வருகிறேன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை நடுவே பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லைக்கல் ஒன்று நிற்கிறது; எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. அதன் அருகே, வரப்பில் ஓர் அம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

"ஏம்மா வெயில்ல உக்காந்திருக்கீங்க?"

"கல்லுக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊருங்க. அங்கதான் என்னைக் கட்டிக் குடுத்தாங்க. இந்தப் பக்கம் எங்கம்மா ஊரு. வூட்டுக்காரர்கிட்ட சண்டைன்னா, கோவிச்சிக்கினு கல்லைத் தாண்டி வந்து குந்திக்குவேன்."

"அம்மா வீட்டுக்கே போயிடலாமே?"

"போனா, கூப்பிட அவரு அம்மாந்தூரம் நடக்கணும். முட்டிவலிங்க அவருக்கு."

தூரத்தில், தூக்குச்சட்டியோடு ஒருவர் காலைத் தாங்கித் தாங்கி வருகிறார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அந்த அம்மா எழுந்து, கல்லைத் தாண்டி, அவருக்கு எதிரே நடக்கிறார்.