கதிரேசன் கெட்டது எப்போது?

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி மூடியதும் சுரேந்திரன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். அவன் மனைவி வனிதா குன்னூர் எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே தங்கிக் கொழுந்து பறித்தாள். ஞாயிறுதோறும் லயத்துக்குக் கீழேயுள்ள கடைக்கு அவன் போன் செய்வான். வேலை, சாப்பாடு என்று இரண்டு வார்த்தையில் பேச்சு தீர்ந்துவிடும்.

பிறகுதான் இருவரும் ஒரே டிவி தொடரைப் பார்ப்பது தெரிந்தது. அதில் நேர்மையான செக்போஸ்ட் அதிகாரி கதிரேசன், கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தனக் கடத்தல்காரனாகிக் கொண்டிருந்தான்.

“கூட்டாளியச் சுட்டான் பாரு, அன்னிக்குத்தான் கெட்டான்,” என்றான் சுரேந்திரன்.

“இல்லீங்க. பொண்டாட்டிகிட்ட மொதப் பொய் சொன்னப்பவே கெட்டுட்டான்.”

“அது புள்ள வைத்தியத்துக்குச் சொன்ன பொய்யி!”

“புள்ள பொழச்சப்புறமும் எதுக்குங்க சொன்னான்?”

“கடைசிப் பாகத்துல பாரு, யாரு சொன்னது சரின்னு,” என்று போனை வைத்தான் அவன். கடைசிப் பாகத்தன்று சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்து நின்றான்.

“லீவுங்களா?” என்றாள் வனிதா.

“கேட்டு வாங்குனேன். நீ தோக்கறத நேர்ல பாக்கோணுமில்ல.”

அன்று கதிரேசன், தான் தப்பிக்க மனைவியையே போலீசில் மாட்டிவிட்டான். வனிதா கணவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் கிளம்ப வேண்டியவன், இன்னொரு நாள் தங்கி அதையே பேசித் தீர்த்துவிட்டுத்தான் போனான்.